குளிருக்கு முன் ஒரு குறுக்குவழி

கனடாவின் கேல்கரியில் அக்டோபர் மாதக் காலை. 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள பான்ஃப் மலைகளைக் கேரவனில் சுற்றிவந்த மறுநாளே அண்ணன் என் கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்தார்.

இங்கே சில குளிர்கால இரவுகளில் மைனஸ் 30 டிகிரிவரை இறங்கும். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு பருத்துக் குழாயை உடைத்துவிடும். அதைத் தடுக்க, குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஏற்ற வேண்டும்.

ஆனால் வழியில் 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் பிடிக்கும் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதே! போன ஆண்டு அண்ணன் வாங்கிய 2 கேலன் திரவத்தையும் அதுவே விழுங்கிவிட்டது. வெந்நீர்க் குழாய்க்கு எதுவும் எட்டவில்லை. பனி விலகியபோது குழாய் பிளந்து கிடந்தது.

இம்முறை ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்தோம். ஹீட்டருக்குள் போகும் வால்வையும் வெளிவரும் வால்வையும் மூடி, இரண்டுக்கும் நடுவிலுள்ள பைபாஸ் வால்வைத் திறந்தோம். காலித் தொட்டியில் உறைய என்ன இருக்கிறது? அதே 2 கேலன் போதுமானதாக இருந்தது. வெந்நீர்க் குழாயிலும் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் நிம்மதி.

“ஏப்ரல்ல வால்வைப் பழையபடி திருப்பணும், ஞாபகப்படுத்துடா” என்றார். கோலாலம்பூர் திரும்பியதும் கைப்பேசியில் குறித்துவைத்தேன். நான் மறந்தால், அங்கே அண்ணிக்கு வெந்நீர் வராது.