பத்துப் பேரும் தூங்கினார்கள்

கல்லாவியில் எங்கள் தெருவில் முதலில் எரிவது எங்கள் வீட்டுச் சமையலறை விளக்குதான். ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, முதல் ஷிப்ட் வாரங்களில் நான் மூன்றரை மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். அம்மா இரண்டரைக்கே எழுந்துவிடுவார். சோறு வடித்து, டப்பா கட்டி, முழங்காலில் நின்று ஜெபித்தும் முடித்திருப்பார். பகலில் கடலைக்காட்டு வேலை. இரவு பத்துக்கு முன்னால் அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சபையில் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பிரசங்கிக்கும்போதெல்லாம், "விழித்திருக்கிற பெண்ணைப் பார்க்க வேண்டுமானால் அதோ, அந்த அம்மாவைப் பாருங்கள்" என்று போதகர் கைகாட்டுவார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் கதை அது. மணவாளனை எதிர்கொள்ளப் பத்துப் பெண்கள் தீவட்டியோடு போகிறார்கள். ஐந்து பேர் கூடுதல் எண்ணெய் எடுத்துப் போகிறார்கள், ஐந்து பேர் எடுக்கவில்லை. மணவாளன் வரத் தாமதமாகி, நள்ளிரவில் வருகிறான். எண்ணெய் இல்லாதவர்கள் கடன் கேட்கிறார்கள். மற்றவர்கள் மறுத்து, கடைக்குப் போய் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கதவு அடைக்கப்பட்டுவிடுகிறது.

ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டபோது, புத்தியுள்ளவர்கள் கொஞ்சம் கஞ்சப் பெண்கள் என்றுதான் நினைத்தேன். அம்மாவாக இருந்திருந்தால் இருந்த எண்ணெயை எல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு இருட்டில் நின்றிருப்பார்.

அப்படித்தான் நின்றார். சர்க்கரை நோய் இருப்பது தெரியும். காலில் புண் வந்ததும் தெரியும். "அறுப்பு முடியட்டும்", "தம்பி பரீட்சை முடியட்டும்", "கன்வென்ஷன் முடியட்டும்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டார். மற்றவர்கள் காரியம் எல்லாவற்றுக்கும் அவரிடம் நேரம் இருந்தது, தன் காலைக் காட்டப் போவதற்கு மட்டும் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துதான் உவமையை நானே வாசித்தேன். இத்தனை பிரசங்கங்களிலும் யாரும் நிறுத்திச் சொல்லாத ஒன்று அங்கே இருந்தது. மணவாளன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். புத்தியுள்ள ஐவரும் தூங்குகிறார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கண்டிக்கவில்லை. கையில் எண்ணெய் இருந்தது, அதனால் தூங்க முடிந்தது.

விழித்திருங்கள் என்றுதான் கதை முடிகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் கதையில் உள்ள ஆயத்தம், தூங்குவதற்கு முன்பே செய்து வைத்த ஆயத்தம். கண் அயராமல் மற்றவர்களுக்காகக் காத்துக் கிடப்பதைப் பெண்ணின் பக்தியாக்கியது யார்? எனக்கு இந்த உவமையை விளக்கியவர்கள் எல்லோரும் ஆண்கள். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, புஷ்பா லலிதாவைத் தன் முதல் பெண் பேராயராக 2013இல்தான் அபிஷேகம் செய்தது. பிரசங்க பீடத்தில் பெண்கள் முன்பே நின்றிருந்தால், பத்துப் பேரும் தூங்கியது யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

அம்மா வீடு திரும்பிய சில மாதங்களில் தம்பி என்னிடம் பணம் கேட்டான். பைக்குக்கு முன்பணம் நாற்பதாயிரம். தபால் வழியில் பி.ஏ. முடிக்கவும், அவசரத்துக்கு அம்மாவின் வைத்தியத்துக்கும் நான் சேர்த்து வைத்திருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். "இல்லடா தம்பி, குடுத்தா எனக்கும் பத்தாது, உனக்கும் பத்தாது" என்றேன். சொன்ன பிறகுதான் அது அந்த ஐந்து பெண்களின் பதில் என்று உறைத்தது.

"கூடப் பொறந்தவனுக்கு இல்லாத காசா பாப்பா?" என்றார் அம்மா. பத்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தப் பத்து நாளும் குற்ற உணர்ச்சி இல்லாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்.

அடைத்த கதவு என்னை இன்னமும் உறுத்துகிறது. வெளியே நின்ற ஐவரை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு ஒரு பதில் மாதிரி ஏதோ எனக்குக் கிடைத்தது இரண்டாம் ஷிப்டில்தான்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. அந்தப் பிரிவு சமத்துவத்துக்கு எதிரானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உவமையின் பெண்களைப் போல எங்களுக்கும் நள்ளிரவு திறந்தது. தெருவிளக்கு மட்டும் எல்லா இடத்திலும் வந்து சேரவில்லை. பஸ் எங்களை இறக்கிவிடும்போது மணி பன்னிரண்டரை தாண்டியிருக்கும். நாங்கள் மூன்று பேர் நடப்போம். பெரும்பாலும் இரண்டு பேர் போனில் சார்ஜ் இருக்காது. ஒருத்தி டார்ச் அடிப்பாள், மூவரும் அந்த வெளிச்சத்திலேயே வீடு சேர்வோம்.

ஒருத்தியின் சார்ஜை இன்னொருத்தி போனுக்கு ஊற்றித் தர முடியாது. அவள் வெளிச்சத்தில் சேர்ந்து நடக்கலாம். அந்த ஐவரைக் கடைக்கு அனுப்பாமல், "எங்க கூடவே வாங்க" என்று சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொரு இரவும் நினைத்துக்கொள்வேன். தம்பிக்குப் பணம் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து, சம்பளத்தில் மாதம் எவ்வளவு ஒதுக்கினால் அவனாலேயே வாங்க முடியும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் கேட்டான்.

இப்போதெல்லாம் முதல் நாள் ராத்திரியே டப்பாவை நானே கட்டி வைத்துவிடுகிறேன். அம்மாவின் மாத்திரையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைப்பேன். ஆரம்பத்தில் அவர் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். போன வாரம் ஒரு நாள் நான் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.