குலவைக்கு முன் அரை மணி நேரம்

ஜூனில் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரிலும் முதல் போக வேலை தொடங்கிவிடும். நடவுப் பாட்டைப் பதிவு செய்ய போடிக்காரர் ஒருவர் வருவதாக நண்பர் சொன்னதால் கூடலூர் பக்கம் நானும் போனேன். கோயில் திருவிழாக்களில் மைக்செட் கட்டிப் பழகிய கை அந்தப் போடிக்காரருடையது.

வந்ததும் அவர் மைக்கை நீட்டவில்லை. வேப்பமர நிழலில் லேப்டாப்பைத் திறந்தார். முதல் வேலையாக இணையத்தைத் துண்டித்தார். செய்தி வந்த 'டிங்' சத்தம் ஒன்று போதும், பாட்டு பாழாகிவிடும். பதிவுக்கு அவர் திறந்தது ஆடாசிட்டி; அது 2000-இல் வெளிவந்த இலவச மென்பொருள். அதில் உள்ளீடு லேப்டாப்பின் சொந்த மைக்கிலேயே நின்றிருந்தது. வெளி மைக்குக்கு மாற்றினார். ஒரே மைக் என்பதால் மோனோ. பின்னாளில் படத்தோடு சேர்க்கவும் தோதாக 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட். மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி பிடிக்கும் என்பதால் வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

அவர் அதிக நேரம் செலவிட்டது இரைச்சல் குறைப்பை அணைப்பதில்தான். விசிறிச் சத்தம்போல விடாமல் வரும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்குவது அந்த வசதியின் வேலை. குலவையும் விடாமல் நீளும் ஒலிதானே! பேச்சுக்காகச் செய்த வசதி குலவையைத் தின்றுவிடும். கணினியின் ஒலி அமைப்புக்குள் போய் அதைத் தேடி நிறுத்தினார்.

அடுத்து ஒலி அளவு. பாட வந்திருந்தவரிடம், "அம்மாச்சி, ரெண்டு வரி சும்மா பாடுங்க" என்றார். எழுபதைத் தாண்டிய அந்த மூதாட்டி கூச்சத்தோடு முணுமுணுத்தார். அந்த அளவை அவர் நம்பவில்லை. "அந்தா வரப்புல நிக்கிறாகள்ல, அவுகளைக் கூப்பிடுங்க" என்றார். அம்மாச்சி போட்ட சத்தத்தில் அளவுகோல் சிவப்பைத் தொட்டது. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி இறக்கி வைத்தார். உச்சியில் வெட்டுப்பட்ட குரலைப் பிறகு எந்த மென்பொருளாலும் பழையபடி மீட்க முடியாது. மேல்காற்று மைக்கில் மோதாமலிருக்க ரோம உறை. ஹெட்போனில் பத்து விநாடி கேட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

அவர் அடுத்துச் செய்ததைச் சொல்லுமுன் ஒன்று. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. 'அன்னக்கிளி' 1976-இல் வந்தபோது கிராமத்து மெட்டை ஊரே கொண்டாடியது. வயலில் நின்று பாடும் பெண்களுக்கோ பெயரும் இல்லை, கூலிக்கு மேல் காசும் இல்லை. இப்போது செல்போனோடு வருகிற சேனல்காரர்கள் பாட்டை வாங்கிக்கொண்டு தங்கள் முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். பாடியவர் யார் என்று ஒரு வரி போடக்கூட மனம் வருவதில்லை. இது பகல் கொள்ளை.

போடிக்காரர் பதிவுப் பொத்தானை அழுத்தியதும் தேதி, ஊர், பாடுபவர் பெயர் மூன்றையும் சத்தமாகச் சொன்னார். பாட்டை யார் யார் பயன்படுத்தலாம் என்று அம்மாச்சியிடமே கேட்டார். பதிலும் அதே கோப்பில் ஏறியது.

"பிள்ளைக படிக்கிறதுக்குன்னா சும்மா குடு. காசு பாக்குறவன் வந்தா எனக்குப் பாதி வேணும்யா."

அதன் பிறகுதான் நடவு வரிசை பாட ஆரம்பித்தது.