வெளுத்ததெல்லாம் பாலா?

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம் முன்னோர் சொல். நோயுற்ற கண்ணைப் பற்றிய இந்தப் பழமொழி, நோயே அறியாத ஓர் இயந்திரத்துக்கும் பொருந்தும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? காமிராவைத்தான் சொல்கிறேன். பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் துணியைப் படம் எடுத்து, அந்த வெளிச்சத்தைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிட்டால், துணி மஞ்சளாகவே பதிவாகும். அதே துணியை நீல வானத்தின் கீழ் ஒரு சுவரின் நிழலில் வைத்து எடுத்தால் மெல்லிய நீலம் படரும். துணி மாறவில்லை, அதன் மேல் விழுந்த ஒளி மாறியது.

இதில் காமிராவின் பிழை ஏதும் இல்லை. தன்னிடம் வந்து சேர்ந்த ஒளியை அது வந்தபடியே பதிவு செய்கிறது. நம் கண்ணும் மூளையுமோ நமக்குத் தெரியாமலே ஒரு திருத்தத்தைச் செய்துகொண்டிருக்கின்றன. அடுப்படி விளக்கில் பார்த்தாலும் நண்பகல் முற்றத்தில் பார்த்தாலும் உப்பு நமக்கு வெள்ளைதான். ஒளியின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் மூளை நமக்குத் தருகிறது.

இந்தக் கழித்தல் கணக்கு எல்லாருக்கும் ஒன்றாக அமைவதில்லை என்பதை 2015-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. ஸ்காட்லாந்தின் கொலன்சே தீவில் நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்காக, மணமகளின் தாய் ஓர் உடையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அந்தப் படம் அவ்வாண்டு பிப்ரவரியில் உலகெங்கும் பரவிப் பெரும் வழக்கையே கிளப்பிவிட்டது. சிலருக்கு அது நீலமும் கறுப்புமான உடை. சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமுமான உடை. நிழலில் தொங்கும் உடை என்று எண்ணிய மூளை நீலத்தைக் கழித்து வெள்ளையைக் கண்டது. மஞ்சள் விளக்கொளியில் இருப்பதாக எண்ணிய மூளை நீலத்தையே கண்டது. உடை உண்மையில் நீலமும் கறுப்பும்தான். எந்த ஒளியில் நிற்கிறது என்பதை அறியாமல் எந்தப் பொருளின் நிறத்தையும் தீர்ப்பிட முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

ஒளியின் நிறத்துக்கு ஓர் அளவு உண்டு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற மஞ்சளாகிப் பின் வெண்மை கொள்ளும். இந்த உண்மையைக் கொண்டே ஒளியின் நிறத்தை வெப்பநிலையால் குறிக்கிறார்கள். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் 1848-இல் முன்வைத்த அளவுகோலின் வழிவந்த கெல்வின் என்பதே இதன் அலகு. மெழுகுதிரியின் சுடர் ஏறக்குறைய 1,900 கெல்வின். குண்டு பல்பு 2,700 அல்லது 2,800. நண்பகல் வெயில் 5,500. மேகம் மூடிய வானம் 6,500. நீல வானத்தின் கீழுள்ள நிழல் 7,000-க்கும் மேல். வேடிக்கை என்னவெனில், எண் ஏற ஏற ஒளி நீலம் கொள்கிறது. நாமோ அந்த நீலத்தைக் குளிர்ந்த நிறம் என்கிறோம்.

பிலிம் ரோல் காலத்தில் பகலொளிக்கு ஒரு பிலிம், ஸ்டுடியோ விளக்குக்கு வேறொரு பிலிம் என்று வாங்க வேண்டியிருந்தது. டிஜிட்டல் காமிராவில் அந்தத் தேர்வு கணக்காக மாறிவிட்டது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில், நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சையையும் ஒன்று சிவப்பையும் ஒன்று நீலத்தையும் அளக்கின்றன. இன்றும் பெரும்பாலான காமிராக்கள் இம்முறையையே பின்பற்றுகின்றன. நிறமற்ற ஒரு பொருளில் இம்மூன்றும் சமமாக நிற்கும்படி சிவப்பையும் நீலத்தையும் கூட்டியோ குறைத்தோ நிறுத்துவதே ஒயிட் பேலன்ஸ். நாம் இதை வெண்மைச் சமன் எனலாம். தராசுத் தட்டுகளைச் சமன் செய்வது போன்ற செயல் இது.

காமிரா தானாகவே இதைச் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் அது ஊகம்தான். ஒரு காட்சியின் எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் நிறம் வரும் என்பது அந்த ஊகங்களுள் மிக எளியது. சட்டம் முழுவதும் பச்சை வயலாக இருந்தால் இந்த ஊகம் தடுமாறும். ஒளியே பச்சை என்று எண்ணிப் பயிரின் பசுமையைக் குறைத்துவிடும். ஆகவேதான் தேர்ந்த கலைஞர்கள் ஓர் அட்டையை உடன் எடுத்துச் செல்கிறார்கள். அது வெள்ளை அட்டை அன்று, சாம்பல் அட்டை! தன் மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டை மட்டும், எந்த நிறத்துக்கும் சலுகை காட்டாமல் திருப்பி அனுப்பும் அட்டை. வெள்ளையை மட்டும் நம்ப முடியாதோ எனில், எந்த வெள்ளை என்று கேட்க வேண்டியிருக்கிறது. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி நம் கண்ணுக்குப் பளிச்சென்று வெண்மை. காமிராவுக்கு அதில் நீலம் தெரியும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால் காமிராவும் ஏமாறும்.

இந்தச் சமன் செய்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. தாழ் அழுத்தச் சோடியம் விளக்கு ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் மஞ்சளை மட்டும் பொழிகிறது. அதன் கீழ் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் வேறுபாடின்றி மங்கிக் கிடக்கும். அந்தப் படத்தை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. ஒளியில் இல்லாத நிறத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இல்லாததுதான்.

இவையெல்லாம் தொழில் நுணுக்கம்தானே, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு தாய் இறந்தார். உப்பளத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். முப்பதாம் நாள் நினைவுக்குப் பெரிதாக்கிய படம் ஒன்றை மகள் பங்கு இல்லத்துக்கு எடுத்து வந்தாள். சட்டத்துக்குள் இருந்த முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. கன்னத்தில் வெயில் எழுதிய கோடுகள் ஒன்றுகூட இல்லை. “படம் நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா இது எங்கம்மா இல்ல” என்றாள். ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்காமலே வெளுப்பாக்கித் தருவது இன்று ஒரு மரியாதையாகிவிட்டது.

மூலப் படம் அவளது கைபேசியில் இருந்தது. உப்புக் குவியலின் நிழலில் தாய் நிற்கிறார். நிழலின் நீலம் முகத்தில் ஏறி, உயிரற்ற சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தது. வெளுப்பாக்கத் தூண்டியது அந்த நீலமாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் இளைஞர் மன்றத்தில் படம் எடுக்கும் தம்பி ஒருவனை அழைத்தோம். அவன் படத்தைக் கணினியில் திறந்து, நிறம் உறிஞ்சும் குழாய் போன்ற குறியை, குவியலில் நிழல் விழுந்த பக்கத்தின் மேல் வைத்து ஒருமுறை தட்டினான். “உப்புக்கு நிறம் கிடையாதுல்ல சாமி, அது போதும்” என்றான். நீலம் விலகியது. கறுத்துச் செம்மை ஓடிய அந்த முகம் தன் நிறத்தோடு வெளியே வந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் கணினித் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். அந்தத் தாய் தம் கையால் குவித்த உப்பே அவருடைய நிறத்துக்குச் சாட்சி சொன்னது.

நிறத்தைத் திருத்துவது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். திருத்துபவன் முதலில் ஒளியைப் பற்றிக் கேட்கிறான். மாற்றுபவனோ ஆளைப் பற்றி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான்.

இந்த முடிவு நம் ஊர் ஸ்டுடியோக்களில் பிறந்ததன்று. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அளவு அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண். அவ்வாறு முதலில் நின்றவரின் பெயரால் அந்த அட்டைகளுக்கு ஷர்லி அட்டை என்றே பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் அதே அளவில் கழுவப்பட்டபோது கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றை 2009-இல் விரிவாக எழுதினார். அவர் காட்டும் செய்தி நெஞ்சைச் சுடுகிறது: பழுப்பு நிறம் பிலிமில் சரியாக விழவில்லை என்று சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் விற்பவர்களும் முறையிட்ட பிறகே அதைச் செம்மைப்படுத்தும் முயற்சி வேகம் பெற்றது. மனித முகத்துக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது! 1990களில்தான் பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வந்தது. கூகுள் நிறுவனம் தன் கைபேசிக் காமிராவில் கறுத்த தோலை உள்ளபடி காட்டும் முயற்சியை 2021-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு, ஹார்வர்ட் சமூகவியலாளர் எலிஸ் மங்க் வகுத்த பத்துத் தோல்நிறப் படிகளையும் வெளியிட்டது.

ஆக, இயந்திரம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு வருகிறது. நாம்? மணமகள் தேவை விளம்பரங்களிலும் திருமண ஆல்பங்களிலும் இன்னும் பழைய அளவு அட்டையையே கையில் வைத்திருக்கிறோம். வெண்மைச் சமன் என்ற சொல்லில் வெண்மை இருப்பதால், எதையும் வெளுக்கச் செய்வதே அதன் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளை வெள்ளையாக நின்றால்தான் கறுப்பு கறுப்பாகவும், மாநிறம் மாநிறமாகவும், மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகவும் நிற்கும் என்பதே அதன் பொருள்.

நம் பிள்ளைகளின் பிள்ளைகள் நம்மை அறியப்போவது பெரும்பாலும் படங்களால்தான். தங்கள் நிறம் எவரிடமிருந்து வந்தது என்று அவர்கள் அந்தப் படங்களில் தேடுவார்கள். ஆகவே அடுத்த முறை குடும்பத்தோடு படம் எடுக்கச் செல்லும்போது, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா என்று கேட்டால், “வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள்.