மூழ்கிய தோடு

"மீள்" என்பது நம் மொழியின் மிகச் சிறிய சொற்களுள் ஒன்று. தானே திரும்பி வந்தால் மீளுதல். பிறர் முயன்று கொண்டுவந்தால் மீட்டல். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் சொல்லுகையில், பனிக்கட்டி உருகித் தண்ணீராவது மீள் மாற்றம், பால் தயிராவது மீளா மாற்றம் என்று பிரித்துக் காட்டுவது என் வழக்கம். சென்ற ஆண்டு வேறோர் உதாரணம் கேட்டேன். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அடகு வைத்த தோடு மீள் மாற்றம் ஸார், மூழ்கிப்போன தோடு மீளா மாற்றம்" என்றான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் உழவுக்கும் பணம் வேண்டி நகை அடகுக் கடைக்குப் போகும். வெள்ளாமை கண்டால் அதைத் "திருப்பி" விடுவார்கள். தவணை தப்பினாலோ, நகை "மூழ்கிவிட்டது" என்பார்கள். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் பூமிக்குள் சுழித்து இறங்கச் செய்தார் என்று ஸ்தல புராணம் கூறும் ஊர் திருச்சுழி. அவ்வூரைத் தொட்டுச் செல்லும் குண்டாறோ ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கிறது. தண்ணீரில்லாத சீமையில் மூழ்குவதற்கு நகைதான் அகப்பட்டது போலும்!

இந்தச் சொல்லின்மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அது காதில் விழுந்ததும் நம் பெண்கள் கடைப்படி ஏறுவதையே விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 177-வது பிரிவின்படி, தவணை கடந்தாலும், நகை உண்மையாக விற்கப்படும் வரையில், கடனையும் தாமதத்தால் நேர்ந்த செலவையும் கொடுத்து மீட்க உரிமையுண்டு. விற்குமுன் நியாயமான முன்னறிவிப்பும் தரவேண்டும். விற்ற பணத்தில் கடன்போக மிச்சமிருந்தால் அது நகைக்கு உடையவரையே சேரும். நிலத்தை ஒத்தி வைத்தவருக்கு இன்னும் தாராளம்: மீட்பு வழக்குப் போட 1908-ம் வருஷத்துச் சட்டம் 60 ஆண்டுகள் கொடுத்தது, 1963-ம் வருஷத்துச் சட்டம் அதை 30 ஆக்கிற்று. அறுதிக் கிரயம் எழுதினால் மட்டுமே கதை வேறு.

அண்டை வீட்டு அம்மாள் ஒருவர், தோடு மூழ்கிவிட்டதென்று காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டிருந்தார். தவணை தப்பி நாலு மாதம் ஆகியிருந்தது. போன தை மாதம் அவருடன் கடைக்குப் போனேன். நகை இன்னும் விலைபோகவில்லை; பெட்டியிலேயே இருந்தது. பருத்திப் பணம் வந்ததும் திருப்பிவிட்டார். நல்லவேளையாக, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார்.