எழுகடல் தெருவும் துருவப் பனியும்

மதுரை மாநகரிலே, மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, புது மண்டபத்தை அடுத்து எழுகடல் தெரு இருக்கிறது. மதுரைக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆயினும், காஞ்சனமாலை நீராடுவதற்காகச் சொக்கநாதர் ஏழு கடல்களையும் இங்கே வரவழைத்தார் என்கிறது திருவிளையாடற் புராணம். பின்னொரு சமயம் கடல் பொங்கி நகரை அழிக்க வந்ததென்றும், உக்கிர பாண்டியன் வேல் எறிந்ததும் அது சுவறிப் போயிற்றென்றும் அதே புராணம் சொல்லும்.

நம் காலத்திலும் கடல் உயர்ந்து வருகிறது. அதன் காரணங்களுள் ஒன்று வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்தில் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பதை விளங்கிக் கொள்ள மதுரையே போதும்.

சித்திரை மாதத்து நடுப்பகலில் யானைமலைப் பாறையின்மீது வெறுங்காலுடன் நிற்க முடியுமா? கரும்பாறை வெயிலை உண்டுவிடுகிறது. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய மொட்டை மாடியிலோ அவ்வளவு சூடு இராது. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. புதிதாய் விழுந்த பனியும், தன்மேல் படும் சூரிய ஒளியில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கைத் திருப்பிவிடும். அந்த வெண்மையே பனிக்குக் கவசம்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமில வாயு மிகுந்து, பூமியின் உஷ்ணம் ஏறுகிறது. அப்போது பனியின் மேற்பரப்பு உருகி நீலக் குளங்களாய்த் தேங்குகிறது. நம் வண்டியூர்த் தெப்பக்குளத்தைவிடப் பெரிய குளங்களும் அங்கே உண்டு. ஜலம் ஒளியைத் திருப்பாமல் விழுங்கும். அதனால் மேலும் பனி உருகும். வெடிப்புகளின் வழியே அந்த ஜலம் அடித்தளம் வரை இறங்கி, பனிப்பாளம் கடலை நோக்கி வழுக்கிச் செல்லவும் துணை செய்கிறது.

2012 ஜூலையில் சில தினங்களுக்குள் கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் சுமார் 97 சதவிகிதம் உருகத் தொடங்கிற்று. 2021 ஆகஸ்டு 14-ஆம் தேதி, 3,200 மீட்டருக்கு மேற்பட்ட அதன் உச்சியிலே மழை பெய்தது. குறிப்புகள் உள்ள வரையில் அதுவே முதல் தடவை. அப்பனி முழுவதும் உருகப் பல நூற்றாண்டுகள் ஆகும். உருகினால் உலகக் கடல்கள் சுமார் 7 மீட்டர் உயரும். இம்மாறுதல்களை ஆராய, பாரத நாடும் 2008-இல் வடதுருவப் பிரதேசத்தில் 'ஹிமாத்ரி'யையும், 2012-இல் தென்துருவக் கண்டத்தில் 'பாரதி'யையும் அமைத்திருக்கிறது.

மதுரை கடல் மட்டத்துக்குச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்கென்ன பயம் என்று இருந்துவிடலாமா? வைகைச் சமவெளி கிழக்கே தாழ்ந்து தாழ்ந்து ராமநாதபுரக் கடற்கரையில் முடிகிறது. அங்கே வலை வீசுவோரும் ஏர் பிடிப்போரும் நம்மவர் அல்லவா? உக்கிர பாண்டியனுக்கு ஒரே வேல் போதுமாயிருந்தது. நமக்கோ, உலகத்து அடுப்புகளும் ஆலைகளும் கக்கும் புகையைக் குறைப்பதொன்றே வேல். அதை ஓர் அரசன் அல்ல, எல்லா நாட்டாரும் சேர்ந்தே எறிய வேண்டும்.