தூண்டிலோடு அந்தமானுக்கு

அந்தமான் என்றதும் நம்மவர்களுக்கு ஒன்று சிறைச்சாலை நினைவுக்கு வரும். இல்லையேல் தேனிலவு நினைவுக்கு வரும். மீன் பிடிக்கப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது, "இங்கே இல்லாத மீனா அங்கே இருக்கிறது?" என்று கேட்காத உறவினர் ஒருவருமில்லை. நியாயமான கேள்விதான். எங்கள் தந்தையார் நாற்பது ஆண்டுகள் கைத்தூண்டிலைக் கொண்டே எங்களை வளர்த்தவர். அந்தக் குடும்பத்தில் பிறந்த இருவர் விமானத்தில் ஏறிப்போய்ப் பணம் கொடுத்து மீன் பிடிப்பதென்றால், கேட்பவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

யோசனை என் தமையனாரின் மகனுடையது. வளைகுடா நாட்டில் வேலையிலிருக்கும் அவன் ஒருநாள் தொலைபேசியில், "சித்தப்பா, அப்பா சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை அவரைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், செலவு என்னுடையது" என்றான். அண்ணனுக்கு வயது அறுபத்தாறு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் உழைத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சடைப்பு வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, வீட்டுத் திண்ணையும் மருந்துப் பெட்டியுமே அவருக்கு உலகமாகிவிட்டன. எங்கே போகலாம் என்று கேட்டேன். ஒரு கணமும் யோசியாமல், "பேரன் தீவுக்கு, சாமி" என்றார். உடன்பிறந்த தம்பியேயானாலும், நான் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அவர் என்னைச் 'சாமி' என்றுதான் அழைக்கிறார். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.

பேரன் என்பது நம் வீட்டுப் பேரன் அல்லன். 'வறண்ட தீவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில், கடலின் நடுவே தனியாக நிற்கும் எரிமலை அது. மனிதக் குடியிருப்பு இல்லை. நெடுங்காலம் உறங்கிக்கிடந்து 1991இல் மறுபடியும் கனல் கக்கியது. அந்த ஆண்டு இரங்கூனுக்குச் சென்றுகொண்டிருந்த கப்பலின் மேல்தளத்திலிருந்து அண்ணன் அதன் புகையைக் கண்டிருக்கிறார். அதன் அடிவாரம் செங்குத்தாக ஆழத்தில் இறங்குவதால், கரையை ஒட்டியே பெரிய மீன்கள் திரியும். தூண்டில்காரர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வருவதற்கு அதுவே காரணம். தீவில் இறங்க முடியாது. அருகே செல்வதற்கே முன் அனுமதி வேண்டும்.

முதலில் இதய மருத்துவரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே, "போகலாம். ஆனால் நெஞ்சு வலித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். பெரிய மீனோடு மல்லுக்கட்டக் கூடாது" என்றார். எங்களுக்குக் கிடைக்கக்கூடிய படகில் எரிமலைத் தீவுக்குப் போக நான்கு மணி, திரும்ப நான்கு மணி. அண்ணன் மருத்துவரின் அறையில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தேசப்படத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்படியானால் வேண்டாம், சாமி" என்றார். எரிமலை வேண்டாம் என்கிறாரா, பயணமே வேண்டாம் என்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணியவில்லை. நான் பாட்டுக்கு ஹாவ்லாக் தீவுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினேன். 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட இடம் அது. ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. போர்ட் பிளேரிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு அரசுக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மீன் பிடிக்கவும் அங்கே வசதி உண்டு.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குக் கஷ்டமில்லை. மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை அத்தீவுகளைப் பிடித்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னங்கள் தோன்றும். 2016 டிசம்பரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் ஹாவ்லாக், நீல் தீவுகளில் சிக்கிக்கொள்ள, கடற்படையினர் போய் அழைத்துவர நேர்ந்தது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பங்கை விட்டு நான் நகர முடியாதென்பதும் உண்மை. ஆகவே பிப்ரவரி. கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் மாதம்.

கப்பலில் போகவேண்டுமென்பது அண்ணனின் ஆசை. சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் பயணம், தேதியோ உறுதியில்லை. விமானத்தில் இரண்டே கால் மணி. விமானத்தில் ஒரு சிக்கல் உண்டு: பெட்டிக்குப் பதினைந்து கிலோதான், தூண்டிற்கோல் முறிந்தால் பயணமே முறிந்த மாதிரி. இரண்டு துண்டாகப் பிரியும் கோல்களை வாங்கி, எங்கள் பங்கிலுள்ள குழாய்ப் பணியாளர் ஒருவரிடம் சொல்லி, பி.வி.சி. குழாயை அளந்து வெட்டி இருபுறமும் மூடி போடச் செய்தோம். முப்பது ரூபாய் மூடி, கடைக்காரர் விற்கும் மூவாயிரம் ரூபாய் உறையைவிட நன்றாகக் காத்தது. கொக்கி, குறடு, கத்தி எதுவும் கைப்பையில் இருக்கக் கூடாது. எல்லாம் பெட்டிக்குள் போகவேண்டும்.

மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வெளியூர்த் தூண்டில்காரர்கள் தேடிவருவது பெரும்பாரை. நம் சந்தையில் காணும் பாரைக்கு இது பெரியப்பன். எழுபது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. பவளப்பாறையின் விளிம்பில், அலை உடையும் இடத்தில் நின்று வேட்டையாடும். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த போலி மீனைத் தூர வீசி, நீர்மட்டத்தில் 'களக் களக்' என்று ஒலி எழும்படி இழுத்தால், அடிபட்ட மீனென்று எண்ணிப் பாய்ந்து கவ்வும். கவ்வியதும் பாறையை நோக்கி ஓடி நூலை அறுக்கப் பார்க்கும். அதனால்தான் நாற்பது, ஐம்பது கிலோ தாங்கும் பின்னல் நூலும், பாறையில் உரசினாலும் எளிதில் அறாத தடித்த நரம்பும் வேண்டியிருக்கின்றன. இதைத் தவிர சீலா, சூரை, ஊளி, கலவா, மயில்மீன் எல்லாம் உண்டு.

இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் எழுந்தது. பிடித்த பெரும்பாரையைப் படம் எடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது இந்த விளையாட்டின் வழக்கம். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "பசிக்குப் பிடிக்கலாம், விற்கப் பிடிக்கலாம். வாயைக் கிழித்துவிட்டு வேடிக்கை பார்த்து விடுவது எந்த நியாயம்?" என்றார். எளிதில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. இரண்டு வாரம் இதையே பேசினோம். வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் வளர்ந்த மிகப் பெரிய மீன்களின் உடலில் ஒருவகை நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். சமைத்தாலும் அது போகாது. ஆகவே பெரியதை உண்ணாமல் விடுவது அறிவுடைமை. கலவாவோ பெண்ணாகப் பிறந்து, வயதான பிறகு ஆணாக மாறும் இனம்; பெரியவற்றையே தேடிக் கொன்றால் அந்தப் பாறையில் ஆண்மீனே இல்லாமல் போகும். இவற்றையெல்லாம் நான் சொன்னேன்.

அண்ணன் சொன்னது இன்னும் கூர்மையானது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழி வந்துவிடும். அதைக் கடலில் விட்டால் கீழே போக முடியாமல் மிதந்தே சாகும். "அதை விட்டுவிட்டோம் என்று பெருமைப்படுவது பொய், சாமி" என்றார். தந்தையாரோடு கடலுக்குப் போன சிறுவன் கண்ணால் கண்டது அது. அறிவியலும் அதையே சொல்கிறது. முடிவில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஈயமீனை ஆழத்தில் இறக்கும் தூண்டில் வேண்டாம். நீர்மட்டத்தில் மட்டும் வீசுவது. கொக்கியின் உட்புறச் சிறுமுள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவது. அப்போது அது மீனின் வாயிலிருந்தும் எளிதில் கழலும், நம் விரலில் ஏறினாலும் எளிதில் கழலும். மீனை நனைந்த கையால் தொடுவது. செவுளைப் பிடித்துத் தூக்காமல் நீரிலேயே வைத்து விடுவிப்பது. நாளொன்றுக்குப் படகிலுள்ளோர் ஒருவேளை உண்ணும் அளவுக்குச் சிறிய மீன். அது கிடைத்ததும் உணவுக்காகப் பிடிப்பதை நிறுத்திவிடுவது.

படகு தேடியதில் ஒரு கசப்பான அனுபவம். முகவர் ஒருவர் தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, கூடுதலாகப் பணம் தந்தால் வடக்கு சென்டினல் தீவுப் பக்கம் அழைத்துப் போவதாகவும், அங்கே யாரும் மீன் பிடிக்காததால் மீன் குவிந்து கிடப்பதாகவும் சொன்னார். நான் பேச்சை முறித்துக்கொண்டேன். போர்ட் பிளேருக்கு மேற்கே உள்ள அத்தீவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் எவரும் செல்லக் கூடாதென்பது சட்டம். அங்கு வாழும் மக்கள் வெளியாரின் நோய்களுக்குப் பழகாதவர்கள். நமக்குச் சாதாரணக் காய்ச்சல் அவர்களுக்குக் கூற்றுவனாகலாம். 2006இல் படகு அடித்துச் செல்லப்பட்டு அங்கே ஒதுங்கிய மீனவர் இருவர் கொல்லப்பட்டனர். 2018 நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஒருவர் நற்செய்தி சொல்லப்போவதாகத் தடையை மீறி இறங்கி உயிரிழந்தார். அவரை வேதசாட்சி என்று புகழ்ந்தவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய பணத்துக்காகப் படகோட்டிச் சென்ற மீனவர்கள் கைதானதையும், அவர் தும்மலொன்றால் ஒரு குலமே அழிந்திருக்கக்கூடும் என்பதையும் அந்தப் புகழ்ச்சி மறந்துவிடுகிறது. 2025 மார்ச்சில்கூட இன்னொரு அமெரிக்கர் அங்கே இறங்கிக் கைதானார்.

வேறொருவரைத் தேடினோம். இம்முறை கேள்விகளை முதலிலேயே கேட்டேன். பயணிகளை ஏற்ற உரிமம் உண்டா? இயந்திரம் இரண்டு இருக்கிறதா? மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்றா? வானொலி வேலை செய்கிறதா? வண்டூரில் 1983இலும் ஹாவ்லாக்கை அடுத்து 1996இலும் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காக்களின் எல்லை ஓட்டுநருக்குத் தெரியுமா? பூங்காவுக்குள் தூண்டில் போட்டால் குற்றம். அந்தமனிதர் எல்லையைத் தாமாகவே வரைபடத்தில் கோடிட்டு அனுப்பினார். அவரையே அமர்த்தினோம். ஐதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்க்கவும், கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை மனப்பாடம் செய்யவும் அண்ணன் பழகிக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தினமும் காலையில் அலையின் உயரத்தை எனக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கியபோதுதான், பயணமே வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை என்பதை அறிந்தேன்.

போர்ட் பிளேரில் ஒரு நாள் தங்கினோம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற ஊர். கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் கேட்கிறது. 'கடலின் விண்மீன்' என்ற பெயர்கொண்ட பேராலயத்தில் திருப்பலி கண்டோம். காடு திருத்த 1918 முதல் இராஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆதிவாசித் தொழிலாளரின் வழிவந்தவர்கள் அங்கே பெருந்தொகையினர். இவர்களைப்பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஹாவ்லாக்கில் எங்கள் படகோட்டி, கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் பேரன். காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது; மாலை ஆறு மணிக்கு நன்றாக இருட்டிவிடுகிறது. நம் கடிகாரத்துக்கும் அந்தத் தீவின் சூரியனுக்கும் ஒத்துப்போவதில்லை. முதல் நாள் இரண்டு சீலா. குழம்புக்குப் போதும். இரண்டாம் நாள் காலை, பாறை விளிம்பில் அண்ணன் வீசிய போலி மீனைச் சுற்றி நீர் வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது. உருளையிலிருந்து நூல் சீறிக்கொண்டு ஓடியது. அவர் முகத்தில் நான் நாற்பது ஆண்டுகளாகக் காணாத ஒரு களிப்பு. ஓரிரு நிமிடம்தான். பிறகு நெற்றியில் வியர்வை அரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "சாமி, நீ பிடி" என்று கோலை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

குருமடத்தில் சேர்ந்த பதினைந்தாம் வயதுக்குப் பிறகு நான் தூண்டிலைத் தொட்டவனல்லன். "தலையைத் தூக்கு, பாறைப் பக்கம் விடாதே, உருளையைச் சுற்றாதே, கோலை உயர்த்து, இப்போது சுற்று" என்று அவர் பின்னாலிருந்து ஆணையிட, நான் அப்படியே செய்தேன். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. படகருகே வந்தபோது அது பன்னிரண்டு கிலோ இருக்குமென்று படகோட்டி சொன்னார். அண்ணன் குனிந்து, நனைந்த கையால் அதன் வாலடியைப் பிடித்துக்கொண்டு, குறட்டால் கொக்கியைக் கழற்றினார். உடனே விடவில்லை. தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, செவுள் திறந்து மூடும்வரை பிடித்திருந்து, அது தானாக உந்தியபோது கையை விட்டார். படம் எடுக்க இருவருமே மறந்துவிட்டோம்.

அன்று மாலை மாத்திரைகளை விழுங்கிவிட்டுத் தோணித்துறைக்கு நடந்தோம். கழிமுகப் பக்கம் முதலை வரும், போகாதீர்கள் என்று படகோட்டி எச்சரித்திருந்தார்; 2010இல் அத்தீவின் கடலில் ஓர் அயல்நாட்டுப் பெண்மணியை முதலை கொன்றது. துறையின் விளிம்பில் சிறுவர்கள் சிலர் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களிடம் ஒரு நரம்பை இரவல் வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். மொழி தெரியாது. இறாலைக் கொக்கியில் எப்படிக் கோர்ப்பதென்று ஒரு பையன் அவருக்குக் காட்டிக்கொடுத்தான். அவரும் தெரியாதவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.