கண்டி உடன்படிக்கையின் மூன்றாம் வாசகம்

தலதா மாளிகைக்கு அருகே மரத்தூண்கள் தாங்கி நிற்கும் மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தைக் காண்போர், அதன் செதுக்கு வேலைப்பாட்டை வியந்துவிட்டுப் போகின்றனர். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் கைமாறியது அங்கேதான். தேசாதிபதி பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் செய்துகொண்ட அவ்வுடன்படிக்கை பன்னிரண்டு வாசகங்கள் கொண்டது.

இன்று நடைமுறையிலுள்ள 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போடு அதனை ஒப்புநோக்கினால் வியப்பே மிஞ்சும். புத்த சமயம் மீறப்படலாகாதது, அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணப்படும் என்று ஐந்தாம் வாசகம் வாக்களித்தது. 1978இன் ஒன்பதாம் உறுப்புரை அச்சமயத்துக்கே முதன்மைத் தானம் வழங்குகிறது. சித்திரவதையையும் உறுப்புகளைச் சிதைப்பதையும் ஆறாம் வாசகம் ஒழித்தது. பதினோராம் உறுப்புரையும் சித்திரவதையை விலக்குகிறது. அந்நியன் ஆக்கிய ஏடும் நாமே ஆக்கிக்கொண்ட ஏடும் இவ்விடங்களில் ஒரே குரலிற் பேசுகின்றன.

மேடைகளில் அதிகம் பேசப்படாதது மூன்றாம் வாசகம். பதவியிழந்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் உறவினரான ஆடவர் யாவரும் பகைவர். வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆடவர் எழுத்திலான அனுமதியின்றித் திரும்பி வரலாகாது என்கிறது அது. தமிழரை அன்றைய ஆங்கிலேயர் ‘மலபார்’ என்றே அழைத்தனர். ஆடவரை மட்டுமே தடுத்திருக்கிறார்கள். பின்னாளில் இம்மலைகளிற் கொழுந்து கிள்ள வரப்போகும் பெண்களை அன்று யார் கண்டார்!

பிரதானிகளின் கிளர்ச்சியை அடக்கிய பின், 1818 நவம்பர்ப் பிரகடனம் அவர்களுக்களித்த சலுகைகளைக் குறுக்கிற்று. தடுப்புச் சட்டமோ வேறு விதமாகத் தோற்றது. கோப்பி தழைத்ததும் அதே ஆட்சி தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களை வருவித்தது. மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்களிற் பலர் வந்துசேரவேயில்லை.

ஹந்தானைத் தோட்டத்து லயன்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இவ்வுடன்படிக்கையை நாம் வாசித்துக் காட்டியபோது, ஒரு மாணவி எழுந்து, “சேர், அந்த மலபாருன்னா நாங்கதானா?” என்றாள். அல்ல என்றோம். அங்கே குறிக்கப்பட்டோர் பெரும்பாலும் மன்னனின் நாயக்க உறவினர். அவளுடைய முன்னோர் பின்னரே வந்தனர். ஏட்டின்படி அதுவே சரியான விடை. ஆயினும் 1948 என்ற ஆண்டைச் சொல்லாமல் அவ்விடையை நிறுத்த நமக்கு மனம் வரவில்லை.

சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு, ஏனைய சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின்மேல் மட்டும் பாராளுமன்றம் சுமத்தலாகாது என விதித்தது. அத்திட்டம் நடைமுறையில் இருந்தபோதே 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வழக்கு இலண்டன் வரை சென்றது. தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது சட்டமன்றத்தின் உரிமையே எனப் பிரிவிக் கவுன்சில் 1953இல் தீர்த்தது. இனம் என்ற சொல்லை எழுதாமலே ஓர் இனத்தை வெளியேற்றலாம் என்பது அன்று தெளிவாயிற்று. 1815ஆம் ஆண்டின் ஏடாவது பெயரைச் சொல்லித் தடுத்தது!

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. வம்சாவளிப் பிரசை, பதிவுப் பிரசை என்ற பேதத்தை 1978இன் அரசியலமைப்பு நீக்கியது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை தந்தது.

அம்மாணவியின் வீட்டார் இன்று வாக்காளர். அவர்கள் குடியிருக்கும் லயன் அறைக்கோ, முற்றத்துக் கறிவேப்பிலை மரம் நிற்கும் நிலத்துக்கோ அவர்கள் பெயரில் உறுதி கிடையாது. அது தோட்டத்தின் நிலம்.